பத்துப் படம்

என் கையெழுத்து நல்லா இருக்கும் சார். அதனாலதான் லேப்ல லேபிள் எழுதுற வேலை முழுக்க என்கிட்ட வந்துச்சு. நீங்க கேட்டதுக்கு மொதல்லேர்ந்தே சொல்லிட்றேன், விசாரிக்கிற உங்களுக்கும் அது சுலபம்.

ரெண்டாயிரத்தஞ்சுல எங்க ஆஸ்பத்திரிக்கு மைக்ராஸ்கோப்புல மாட்டுற கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் வந்துச்சு. மார்புல எடுத்த கட்டியை மெழுகுல பதிச்சு, அதை மெலிசா சீவி, கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி சாயம் போடுவோம். ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுற கட்டின்னா செல்லுங்க பழுப்பாத் தெரியும். ஒரு ஸ்லைடுக்குப் பத்துப் படம் நான் எடுத்துக் குடுத்தா, நூத்துக்கு எத்தினி பழுப்புன்னு கம்ப்யூட்டரே எண்ணிடும்.

மெஷினை நம்பலாமான்னு பாக்க, நிர்மலாதேவி டாக்டரம்மா மொதல்ல கண்ணால எண்ணி, ஸ்லைடு ஓரத்துல பென்சில்ல குறிச்சு வப்பாங்க. அப்புறம்தான் நான் படம் எடுப்பேன். அறுவதுன்னு எழுதியிருந்தா அறுவது வர்ற எடமாப் பாத்து எடுப்பேன். பொய் நம்பர் ஒண்ணுகூட எழுதல. நூறு ஸ்லைடுலயும் ரெண்டு கணக்கும் ஒத்துப்போச்சு. டாக்டரம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். இனிமே மெஷின் நம்பரே போதும்னுட்டாங்க.

தையல்நாயகின்னு ஒரு அக்கா. மேட்டுப்பாளையத்துல சோப்பு கம்பெனியில பேக்கிங் வேலை. அவங்க ஸ்லைடுல ஒரு பக்கம் செல்லுங்க தனித்தனியா சுத்தமா இருந்துச்சு. இன்னொரு பக்கம் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பிடி இருந்தா மெஷின் ரெண்டை ஒண்ணா எண்ணும், மவுஸால ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடணும், ஒரு மணி நேரம் ஆவும். அன்னிக்கு என் வீட்டுக்காரி துர்காவையும் புள்ளையையும் நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். பத்துப் படத்தையும் சுத்தமான பக்கத்துலயே எடுத்தேன். ஜீரோன்னு வந்துச்சு. கடைசி போட்டைப் புடிச்சுட்டோம்.

ஜீரோன்னா மாத்திரை கெடையாது.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்த அக்காவுக்கு முதுகெலும்புலயும் புத்துநோய் வந்துடுச்சு. "கமலக்கண்ணன், பழைய ஸ்லைடை எடுங்க, நானே ஒரு தரம் பாக்கறேன்"னாங்க டாக்டரம்மா. அவங்களுக்கு முன்னாடி நான் பாத்தேன். நான் படம் எடுக்காத பக்கம் பூரா பழுப்பு. அன்னிக்கும் அது பழுப்பாத்தான் இருந்துச்சு. கட்டைவிரலால லேசா அழுத்துனேன்.

"ஒடஞ்சிருக்கு மேடம்."

"பரவால்ல, மெழுகுக் கட்டி இருக்குமில்ல, அதுலேர்ந்து புதுசா சீவிப் போடுங்க. பழுப்பு வந்தா உடனே மாத்திரை ஆரம்பிச்சுடலாம். மறுபடி ஊசி குத்தி எடுக்க அந்தம்மா ஒடம்பு தாங்காது."

"தேடிப் பாக்கறேன் மேடம்"னேன்.

செவ்வாய்க்கிழமை தவறாம அந்த அக்கா லேப் வாசல் பெஞ்சுல வந்து ஒக்காரும். "தம்பி, என்னுது கெடச்சுதா?"ன்னு கேக்கும். தேடிட்டிருக்கேங்க்கான்னுவேன். "நீயும் எத்தினி பேருதுதான் தேடுவ, பாவம். சாப்டியா?"ன்னு கேக்கும். வெக்கம் புடுங்கித் தின்னும் சார். அவங்க எழுந்து போற வரைக்கும் தலை நிமுர மாட்டேன். நாலு மாசம் வந்தாங்க. மாசியில வரல. சாரம் ஏரியாவுலேர்ந்து அவங்க தம்பி வந்து விஷயத்தைச் சொல்லிட்டுப் போனாரு.

டாக்டரம்மா பேரு கெட்டுடக்கூடாதுன்னுதான் நான் வாயத் தொறக்கல. அதை மட்டும் எழுதிக்குங்க.

அந்த மெழுகுக் கட்டி தொலையல சார். என் மேசை டிராயர்ல பஞ்சு சுத்தி வச்சிருக்கேன், லேபிள் என் கையெழுத்துதான். ஸ்டோர்ல கெடந்தா யாராச்சும் தொலைச்சுடுவாங்கன்னு, டாக்டரம்மா கேட்ட அன்னிக்கே எடுத்துப் பத்திரப்படுத்திட்டேன்.