வட்டக்கானல் சுவரில் ஒட்டிய கண்ணாடி

உட்கார்ந்தே இருந்தால் எனக்குக் கால் குறுகுறுக்கும், மேடம். ஜன்னலோரம் நின்றபடியே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். அலுவலகத்திலும் என் நாற்காலி புதுசாகவே இருக்கும்.

பெயர் ஆக்னல். கொடைக்கானலில் மலைச்சரிவுகளையும் கட்டடங்களையும் சோதித்து ஆலோசனை சொல்லும் நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் டைரக்டர். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து இந்த இடத்துக்கு வந்தேன். யார் தயவிலும் வரவில்லை. சொன்ன நாளில் அறிக்கை போகும். போன அறிக்கை ஒருநாளும் திரும்பி வராது. புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: "நம்ம வார்த்தைய நம்பித்தான் ஆளுங்க வீட்டுக்குள்ள படுத்துத் தூங்குறாங்க. அத மாத்தி மாத்திப் பேசக்கூடாது." இதில் தப்பு இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியை ஜூனில் சோதித்தோம். பின்னால், சரிவை ஒட்டி, ஊழியர் குடியிருப்பு. அங்கே சமைக்கிற சூசையம்மாளும் அவள் கணவர் மரியஅந்தோணியும் அதில் இருந்தார்கள். சரிவு உறுதியாக இருக்கிறது, குடியிருக்கலாம் என்று நான் கையெழுத்திட்டேன்.

அக்டோபர் மழையில் அந்தக் குடியிருப்பின் பின்சுவரில் விரிசல் விட்டது. எங்கள் பொறியாளர் செலினா போய், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டுக் கலவையால் ஒட்டி, மேலே தேதி எழுதிவிட்டு வந்தாள். எங்கள் தொழிலில் இது பழைய முறை. சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடைந்தால் அன்றைக்கே ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை நான் தனியாகப் போனேன். மூன்று நாளாக மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏரியை இரண்டு முறை சுற்றி நடந்துவிட்டு ஜீப்பை எடுத்தேன். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

நான் பதறவில்லை. ஆட்களை வெளியேற்றினால் ஜூன் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். ஒன்று திரும்பினால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். எத்தனை குடும்பத்தின் நிம்மதி போகும், நினைத்துப் பாருங்கள். மழையும் இரண்டு நாளில் விட்டுவிடும் என்று பட்டது. ஜீப்பில் மாற்றுக் கண்ணாடி இருந்தது.

பழையதைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது சூசையம்மாள் குடையோடு ஓடிவந்தாள்.

"ஏன் சார் மாத்துறீங்க? எதுவும் ஆயிருச்சா? காலி பண்ணணும்னா சொல்லுங்க, வெரசா கெளம்பிருவோம். சாமான் என்ன பெருசா கெடக்கு?"

"அழுக்குப் படிஞ்சிருக்கும்மா, அதான்."

"நீங்க சொன்னாச் சரி சார்."

கலவை நனையக்கூடாது என்று குடையை என் கைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அது இறுகும்வரை தான் நனைந்தபடி நின்றாள். பிறகு கடுங்காப்பி கொடுத்தாள். எனக்கு அவள்மேல் பிரியம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. புதுக் கண்ணாடியில் செலினாவின் கையெழுத்து மாதிரியே அவள் எழுதியிருந்த தேதியை எழுதினேன். இருவரையும் ஏற்றிக்கொள்ள வாசலில் ஜீப் காலியாகத்தான் நின்றது. உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை செலினா போனாள். அங்கிருந்தே போனில் கூப்பிட்டாள்.

"சார், விரிசல் அகலமான மாதிரி தெரியுது. ஆனா கண்ணாடி உடையவே இல்ல. எனக்கென்னமோ பயமா இருக்கு. இவங்கள கூட்டிட்டு வந்துரவா?"

"பயத்த வச்சு அறிக்கை எழுத முடியாதும்மா. கண்ணாடி உடையலேன்னா உடையலேன்னு எழுது."

எழுதினாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சரிவு இறங்கியது. இருவரும் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்களாம். மண்ணை அள்ளி எடுக்கும்போது நானும் நின்றேன்.

கண்ணாடியைத் தான் சரியாக ஒட்டவில்லை, எல்லாம் தன் தவறு என்று செலினா உங்களிடம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அது பொறுக்காமல்தான் வந்தேன். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வருடமாக நான் பழக்கிய பெண் அவள்.

கண்ணாடியை மாற்றியது நான். உடைந்ததற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தே மாற்றினேன். அவர்கள் இருவரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் செலினாவின் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். அவள் ஒட்டியது நேர்த்தியாக இருந்தது. உடைய வேண்டிய நேரத்தில் சரியாக உடைந்தது. என் அலுவலகத்தில் இதுவரை யாரும் தவறு செய்ததில்லை.