தனசிங்கின் சுதந்திர போன்

— ஐவி, முடிவு பண்ணிட்டேன். இந்தப் புது சிஸ்டத்தைத் தூக்கிட்டு, நாளைக்கே போன்ல பழைய ஆண்ட்ராய்டையே திரும்பப் போட்டுடறேன்.

— ஏனுங்க, ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்து போட்டதுங்க அது. எந்தக் கம்பெனிக்காரனும் வேவு பாக்க முடியாத சிஸ்டம்னு சர்ச்சு வாசல்ல பாஸ்டரையே நிறுத்தி வெச்சு அவருக்குப் பிரசங்கம் பண்ணுனீங்க.

— பண்ணுனேன். நான் வெடிமருந்து ஃபேக்டரியில வேலை பாக்கறவன். கேட்டுலயே போனை வாங்கி வெச்சுக்கறாங்க, பகல் பூரா அது பொட்டிக்குள்ள கெடக்குது. அந்தப் போனை எவன் வேவு பாக்கப் போறான்னு யாராச்சும் ஒருத்தர் என்னையக் கேட்டிருக்கலாம்ல.

— நான் கேட்டேன். உனக்கு அந்த டெக்னிக்கல் எல்லாம் புரியாதுன்னுட்டீங்க.

— சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்ற ஆளுதான் நான்.

— இப்ப எனக்கு நல்லாப் புரியுது. அதான் மாத்தாதீங்கன்னு சொல்றேன். நீங்கதான சொன்னீங்க? ஐபோன் நல்ல காம்பவுண்டு போட்ட கெஸ்ட் ஹவுஸ், பத்திரமா இருக்கலாம், ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிக்கவும் மேனேஜரைக் கேக்கணும். ஆண்ட்ராய்டு வாடகை ஊடு, ஆணி அடிச்சுக்கலாம், ஓனர் மட்டும் அப்பப்ப ஜன்னல்ல எட்டிப் பாப்பாரு. இதுதான் சொந்த ஊடுன்னீங்க.

— சொந்த ஊடுதான். கூரை ஒழுகுனா நாமளே ஏறணும்ங்கறதை நான் யோசிக்கல. பேங்க் ஆப் என்னையத் திருடன் கணக்கா வெளியவே நிறுத்தி வெக்குது. சனிக்கெழம அவலாஞ்சி டேமைப் பாக்கன்னு கெளம்புனனே, இதுல இருக்கற மேப் நான் டேம் தண்ணிக்கு நடுவுல நிக்கறேன்னு காட்டுச்சு. பனிமூட்டத்துல பிக்கட்டிப் பக்கம் ஒரு கேரட் தோட்டத்துக்குள்ள பைக்கை உட்டுட்டேன். தோட்டத்துக்கார அம்மா, தாயம்மாள்னு பேரு, யாருடா நீன்னு கேட்டாங்க. என்னோட தகவலை யாருக்கும் தர்றதில்லீங்கன்னு சொல்ல முடியுமா? பேரு, ஊரு, பொண்டாட்டி பேரு, ஞானஸ்நானம் எடுத்த சர்ச்சு வரைக்கும் ஒப்பிச்சேன்.

— அதுக்கென்னங்க. டீயும் குடுத்து, பை நெறையக் கேரட்டும் குடுத்துத்தான அனுப்புனாங்க.

— நெசமாச் சொல்றேன், முடியல ஐவி. மேப் வேணும், பேங்க் வேணும், கேஸ் புக் பண்ணணும்.

— பேங்க் என் போன்ல இருக்குது. கேஸ் கல்யாணமான நாள்லேர்ந்து நான்தான் புக் பண்றேன். அவலாஞ்சிக்கு நீங்க வருசத்துக்கு ஒருக்கா போனா அதிகம். வேற காரணம் சொல்லுங்க.

— வேற என்ன இருக்குது.

— நான் சொல்லட்டுங்களா? புள்ளி.

— என்ன புள்ளி?

— நான் எங்க இருக்கறேன்னு காட்டுற புள்ளி. குவார்ட்டர்ஸுக்குள்ள காட்டெருமை வந்தப்ப, ஒரு பாதுகாப்புக்குன்னு ரெண்டு பேர் போன்லயும் ஒரு ஆப் போட்டீங்க. காட்டெருமை அன்னிக்கே எறங்கிப் போயிடுச்சு. ஆப் போகல. அது உங்க புது சிஸ்டத்துல ஓடாதுன்னு, எல்லாம் போட்டு முடிச்ச பொறகுதான் உங்களுக்கே தெரிஞ்சுது.

— மறுபடியும் காட்டெருமை வந்தா என்ன பண்றதுன்னுதான்...

— செக்யூரிட்டி ஹெர்பர்ட் அண்ணன் சம்சாரம் எங்கிட்டச் சொல்லிட்டாங்க. சாயந்திரம் கேட்டுல போனைக் கையில வாங்குனதும் மத்தவங்க எல்லாம் பஸ்ஸுக்கு ஓடுவாங்களாம். நீங்க மட்டும் அங்கியே நின்னு, பகல்ல நான் போன வழியக் கோடு கோடா தேச்சுப் பாப்பீங்களாம். பஸ் போயிடும். மேட்டுல நடந்தே வந்துட்டு எங்கிட்ட ஓவர்டைம்னு சொல்லுவீங்க.

— சரி. என்னைய எந்தக் கம்பெனிக்காரனும் பாக்கக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சேன் பாரு. அவனுக விளம்பரம் விக்கறதுக்குப் பாக்கறானுக. நான் பஸ்ஸை உட்டுட்டு எதுக்குப் பாத்தேன்னு எனக்கே தெரியல.

— சிரிக்க வெக்காதீங்க, நான் கோவமா இருக்கறேன். என் கூட்டாளி கெஸியா ஊட்டுல போயி சித்த நேரம் உக்காந்தாக்கூட, கோடு இங்கியே நிக்குமேன்னு பாதிப் பேச்சுல எந்திரிச்சு வந்துருவேன். நான் ஒரு தப்பும் பண்ணல, ஆனா தப்புப் பண்ணுனவ மாதிரியே நடந்தேன். மூச்சு முட்டுச்சுங்க. உங்க போன்ல அது செத்த பொறகுதான் நிம்மதியா வெளிய போறேன். பழசைத் திரும்பப் போட்டீங்கன்னா, என் போனை ஊட்டுலயே வெச்சுட்டுப் போவேன்.

— வேண்டாம், வேண்டாம். போடல. இந்த ஒழுகுற ஊடே இருக்கட்டும். ஆனா புள்ளி இல்லாம எனக்குச் சோறு எறங்கல ஐவி. ஹெர்பர்ட் அண்ணன் சம்சாரத்துக்கிட்டயே விசாரிக்கலாமான்னு நெனச்சேன், அந்தளவுக்குப் போயிட்டேன். எப்படியும் மானம் போயாச்சு, கேட்டுடறேன். பகல்ல நீ எங்க போற?

— இத்தன வருசத்துல நீங்க அதை எங்கிட்ட வாயத் தொறந்து கேக்கறது இதுதானுங்க மொதத் தடவ. உக்காருங்க, சொல்றேன்.