மடுகரையில் விடப்போன பூனை

வில்லியனூரில் பஸ் ஏறிய அம்மாள் என் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியிலிருந்த கோணிப்பையிடம், “உன்ன மடுகரையில வுட்டுட்டுத்தான் மறுவேலை” என்றாள். பை தும்மியது.

பக்கத்தில் கழுத்தில் லேப் அடையாள அட்டையோடு இருந்த பெண் திடுக்கிட்டாள். “இன்னாக்கா அது?”

“பூனைம்மா. எனக்குக் கொரோனா வந்து இப்பதான் எழுந்தேன். இது மூணு நாளா தும்முது. இதுதான் எனக்கு ஒட்டிவுட்டிருக்கு. வூட்ல மவ முழுவாம இருக்குறா.”

“மொதல்ல யாருக்கு வந்துச்சி?”

“எனக்குத்தான்.”

“அப்ப நீங்கதான் அதுக்குக் குடுத்திருப்பீங்க.”

“மனுசன் நோவு பூனைக்கு எப்படிப் போவும்?”

“அந்த வைரஸ் மேல முள்ளு முள்ளா ஒரு புரோட்டீன் இருக்குதுக்கா. அதுதான் சாவி. நம்ம ஒடம்பு செல்லு மேல பூட்டு மாதிரி ஒண்ணு இருக்குது. அதுல சொருவித்தான் உள்ள பூரும். பூனைக்கும் கிட்டத்தட்ட அதே பூட்டுதான்.”

“ஐயோ, கோழியும் வெச்சிருக்கேனே!”

“கோழிக்குப் பூட்டு வேற. சாவி சேராது.”

“அப்ப இந்தப் பூனையால மவளுக்கு வராதா?”

“வரலாம், ஆனா அபூர்வம். நீங்களும் பூனையும் கொஞ்ச நாளைக்கு அவகிட்ட போவாம இருங்க.”

அம்மாள் பையின் முடிச்சைத் தளர்த்தி, உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“மடுகரை எறங்குபா” என்றார் கண்டக்டர்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“இதுக்கு நாக்கு வெந்துடப்போவுதேன்னு, சோத்த நான்தாம்மா தெனம் ஊதி ஊதி வெச்சேன்” என்றாள்.