ஐஸ் விலையும் கேம் பெட்டியும்

அறந்தாங்கியிலிருந்து ஜெகதாப்பட்டினம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சவூதி வேலையை முடித்து ஊரோடு வந்துவிட்டவர். மற்றவர் மீன் வியாபாரி.

"நம்மூரு ஐஸை நம்பித்தான் மாப்ள நான் ஏமாந்தேன்" என்றார் சவூதிக்காரர். என் காது அங்கே போய்விட்டது.

"ஐஸு என்ன மச்சான் செஞ்சுச்சு?"

"மகன் எட்டாப்பு படிக்கையில டிவியில மாட்டி வெளையாடுற கேம் பெட்டி கேட்டான். அதச் செய்யிற ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே நேரத்துல புதுசு எறக்கியிருந்தாங்க. நம்மூர்ல மீனுக்குப் போடுற ஐஸுக்கு ரெண்டாவது கம்பெனி வந்ததும் வெல எறங்குச்சுல்ல, அதே மாதிரி இதுவும் எறங்கும்னு நெனச்சேன். யூடியூப்லயும் அப்படித்தான் சொன்னாங்க. அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்குன்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன்."

"எறங்கலையா?"

"ஒருத்தன் ஏத்துனான். அதப் பாத்துட்டு இன்னொருத்தனும் ஏத்திட்டான்."

மீன் வியாபாரி கொஞ்சம் யோசித்தார். "ஐஸு கரைஞ்சுரும் மச்சான், அன்னன்னைக்கே வித்தாகணும். பெட்டி எங்கிட்டுக் கரையப் போகுது?"

"அது அப்ப தோணலையே."

"சரி, இப்ப வாங்கிக் குடுங்க."

"போன வாரம் அவனையே சவூதிக்கு ஏத்திவிட்டுட்டேன். லீவுக்கு வாரப்ப ஒங்களுக்கு என்ன வாங்கியாரணும்னு ஏர்போர்ட்ல கேட்டான். அந்தப் பெட்டியத்தான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'வெல எறங்கட்டும்ப்பா'ன்னான்."