பதினேழாவது படம்

இல்ல மேடம், படம் மாட்டினது கோணலா எல்லாம் இல்ல. நேராத்தான் இருக்கு. நான் கேக்குறது, அதைக் கழட்டித் தர முடியுமான்னு. அஞ்சு மணிக்குள்ள.

ஆமா, கீழ ஒட்டியிருக்கிறது என் பேருதான். நானேதான் எடுத்தேன். திருட்டுப் படமெல்லாம் இல்ல, அப்படிப் பாக்காதீங்க. நேத்து நீங்க, இந்தக் கண்காட்சியிலயே இதுதான் நல்லா இருக்குன்னு சொன்னப்ப எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல. உங்க கையில இருந்த கத்தரிக்கோலையே பாத்துட்டு நின்னேன். எனக்குப் பேச வராது மேடம். வீட்டுல ஊமைக்கோட்டான்னுதான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு என்னவோ வாய் நிக்க மாட்டேங்குது.

அஞ்சு மணிக்குக் கீழ் வீட்டு ஆன்ட்டி வராங்க. கணக்கு டீச்சரா இருந்தவங்க. இதைப் பாக்கத்தான் வராங்க. வாக்கரை வச்சுக்கிட்டு, ரெண்டு மாசத்துல முதல் தடவையா வெளிய. அவங்க இதைப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஏன்னா... உக்காரலாமா? நீங்க பேர்ச் சீட்டை வெட்டிக்கிட்டே கேளுங்க. என்னைப் பாக்காம இருந்தா இன்னும் நல்லது.

அந்தச் சிவப்புப் புகை மாதிரி இருக்குல்ல, அந்த நெபுலா, வானத்துல இருக்கிற வாயு மேகம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. டெலஸ்கோப்ல கண்ணை வச்சாலும் வெறும் இருட்டுதான். அதான் கேமராவை மாட்டி, மூணு மூணு நிமிஷமா எடுத்துக்கிட்டே இருக்கணும். நூத்திப்பத்து படம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா, கொஞ்சம் கொஞ்சமாத் தலையைக் காட்டும். என்னை மாதிரியே கூச்சம் புடிச்சது. எங்கிருந்தாவது வெளிச்சம் பட்டுச்சோ, போச்சு. பக்கத்துல யாராவது தொம்முனு நடந்தாக்கூட நட்சத்திரமெல்லாம் கோடா இழுத்துரும்.

எங்க மொட்டைமாடிப் படிக்கட்டு உச்சியில ஒரு குண்டு பல்பு. இருட்டினா விடியற வரைக்கும் எரியும். கதவிடுக்கு வழியா வந்து சரியா என் டெலஸ்கோப் வாயிலயே விழும். துணி வச்சு அடைச்சேன், அட்டை வச்சு மறைச்சேன். அப்பவும் படத்துல ஒரு ஓரம் மட்டும் மஞ்சளா, கறை புடிச்ச மாதிரி. சுவிட்ச் கீழ வாட்ச்மேன் ரூம்ல. கொஞ்ச நேரம் அணைங்கண்ணான்னு கேட்டா முடிஞ்சுது. சிரிக்காதீங்க மேடம், ஒரு வாரம் ஒத்திகை பாத்தேன். போய் நின்னு, சாப்டீங்களான்னு கேட்டுட்டு ஏறி வந்துட்டேன்.

அன்னைக்குப் பாத்து அந்த பல்பு எரியல. வானம் கழுவி விட்ட மாதிரி. ஏழரைக்கே ஆரம்பிச்சுட்டேன். பதினேழாவது படம் ஓடிட்டு இருக்கு. ஆன்ட்டி ஃப்ளாஸ்க்ல டீ எடுத்துட்டு மேல வராங்க. எனக்குத்தான். நான் கேக்கல. பொண்ணு பனியில உக்காந்திருக்காளேன்னு அவங்களா போட்டது. கடைசி மூணு படி இருக்கறப்ப...

சத்தம் கேட்டதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஸ்கிரீனைப் பாத்தேன். நட்சத்திரம் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா. அப்படி ஒரு எரிச்சல் எனக்கு. யாரது, ஆடாதீங்கன்னு கத்தினேன். நான் வாயைத் தொறந்து கத்தினதே வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான்.

ஆன்ட்டி அப்படியே அசையாமக் கிடந்தாங்க மேடம். இடுப்பெலும்பு. அசைஞ்சிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதுல இருந்து வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், இந்தப் பொண்ணு சமயத்துல ஆடாதீங்கன்னு சொல்லுச்சு, இல்லன்னா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்னு சொல்றாங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பேன். அடக்கமான பொண்ணுன்னு அதுக்கும் ஒரு பாராட்டு.

கேமராவா? அதை யாரு நிறுத்துனா. நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள அது பாட்டுக்கு மிச்சத்தையும் எடுத்து முடிச்சிருந்துச்சு. பில்டிங்ல பாதிப்பேரு ஆஸ்பத்திரியில, மிச்சப்பேரு தூங்கியாச்சு. ஒரு ஜன்னல்லயும் வெளிச்சம் இல்ல. அப்படி ஒரு சுத்தமான இருட்டு எனக்குக் கிடைச்சதே இல்ல மேடம். எரியற வீட்டுல புடுங்கினது லாபம்பாங்களே, இந்தச் சிவப்பு பூரா அதுதான். ஒரு வாரம் தொடாமத்தான் வச்சிருந்தேன். அப்புறம் தொட்டேன். பதினேழாவதை மட்டும் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை அடுக்கிட்டேன்.

இல்ல, பழி வாட்ச்மேன் தலையில. ஃப்யூஸ் போன பல்பை மாத்தாம விட்டாருன்னு மீட்டிங் போட்டு அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நானும் இருந்தேன், கடைசி வரிசையில. சாயங்காலம் எரிஞ்சுது, என் கண்ணால பாத்தேன்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துச் சொன்னாரு அவரு. என்கிட்ட வர்றப்ப நான் என் செருப்பைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

லிஃப்ட்டா அது? ஆமா, டக்கு டக்குன்னு... வாக்கர்தான். மணி நாலே முக்கால்கூட ஆகல. கணக்கு டீச்சர், எப்பவும் முன்னாடியே வந்துருவாங்க.

இல்ல மேடம், ஏணி வேணாம். விடுங்க. இருக்கட்டும். நானே பக்கத்துல நின்னு காட்டுறேன்.

இதை மட்டும் கொஞ்சம் வாங்கி வச்சுக்குறீங்களா? நான் வச்சிருந்தா கீழ போட்டுருவேன். எனக்குப் பேச்சு வரலன்னா ஒண்ணும் சொல்லாம என் கையில குடுங்க, போதும். ரெண்டு மாசமா இந்தக் கைக்குட்டையில சுத்தி, போற இடமெல்லாம் பையிலதான் கிடக்கு. அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல ஆன்ட்டி கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பவும் என் ஸ்வெட்டர் பாக்கெட்ல இதுதான் இருந்துச்சு.

மெதுவா மேடம், கண்ணாடி. ஃப்யூஸெல்லாம் போகல. நல்லா எரியுற பல்பு.