நான்கு விநாடிச் சமையலறை

எங்கள் சூரிநாம் விருந்துப் பண்டமான போமை அடுப்பிலிருந்து எடுத்த உடனே வெட்டக் கூடாது. அரை மணி நேரம் ஆறவிட்டால்தான் துண்டு துண்டாக நிற்கும். ஷார்லின், நம் திரைப்பட விழாவில் பதினான்கு ஆண்டுகளாக என் போமைச் சாப்பிட்டிருக்கிறாய். ஒரு துண்டாவது உடைந்திருந்ததா என்று யோசித்துப் பார். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. நடந்ததை எழுத்தில் தரும்படி விழாக் குழுவின் சார்பில் கேட்டாய். அதையும் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

வாக்குமூலம் என்றால் கேட்பவருக்குத் தெரிந்ததையும் எழுத வேண்டும் என்று குடியிருப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் கற்றேன். என் பெயர் லுட்வினா ஃபான் டாம். வயது அறுபத்து மூன்று. ஃபான் டாம் கணவர் வழியில் வந்த பெயர். பிறந்த வீட்டுப் பெயர் லாண்ட்ஃபெல்ட். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நம் கறுப்பின மக்கள் யார் தயவும் இல்லாமல் எடுக்கும் படங்களுக்காக பெய்ல்மர் புறநகரில் நடக்கும் இந்த விழாவில், தொடக்கத்திலிருந்தே முதற்கட்டத் தேர்வாளராக இருக்கிறேன். பிரிஸ்டல், மார்சே, பாஹியா என்று ஆண்டுக்கு நானூறு படங்கள் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்ப்போம். வேண்டாம் என்றால் வெறுமனே திருப்பி அனுப்பாமல், எங்கே குறை என்று ஒரு கடிதம் எழுதுவோம். மற்ற விழாக்கள் அதைச் செய்வதில்லை. கடிதத்தின் கீழே பெயர் இருக்காது. "ஒரு தேர்வாளர்" என்று மட்டும் இருக்கும். உறவினர் படம் வந்தால் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய மூவரில் நானும் ஒருத்தி.

ஹெஸ்டி லாண்ட்ஃபெல்ட் என் தம்பி. பேருந்து ஓட்டுகிறான். ஓட்டாத நேரத்தில் படம் எடுக்கிறான். எங்கள் அம்மா கொன்ஸ்டன்டினாவுக்கு எழுபத்தைந்து நிறைந்தபோது, சூரிநாம்காரர்கள் வழக்கப்படி ஊரைக் கூட்டிக் கொண்டாடினோம். நூற்றிருபது பேர். இரண்டு மேளக்காரர்கள். அம்மா அடுக்கடுக்கான பாவாடையும், கஞ்சி போட்டு மடித்த தலைத்துணியும் அணிந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். ஹெஸ்டி காலையிலிருந்து கேமராவைக் கீழே வைக்கவில்லை. அம்மா எழுந்து பேசியபோது மட்டும் நான் கூடத்தில் இல்லை. பின்வாசல் குப்பைத்தொட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கூடமே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. எமெலின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏதோ பழைய கதை சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு ஆண்டு அந்தப் படம் விழாவுக்கு வந்தது. தொண்ணூற்று நான்கு நிமிடம். பக்கத்து ஊரான டீமெனில் என் வீட்டு மேசையில் காப்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தேர்வு செய்யவே நினைத்தேன். சொந்தத் தம்பி என்று சொல்லி ஒதுங்கக்கூட நினைத்தேன்.

முப்பத்தேழாவது நிமிடத்தில் கேமரா சமையலறைக் கதவைக் கடந்து போகிறது. கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே ஒரு பெண்ணின் முதுகு. அவள் முன்னே ஓர் அலுமினியத் தட்டு, அதன் மூடியில் பச்சைக் கிளிப்படம். அவள் அந்தத் தட்டிலிருந்து போமை வழித்துத் தன் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, முள்கரண்டியால் மேலே கோடு கிழிக்கிறாள். நான்கு விநாடி.

பெய்ல்மரில் அந்தக் கிளியைத் தெரியாதவர்கள் கிடையாது. அது வொன்னியின் சாப்பாட்டுக் கடைக் கிளி.

இதை விளக்க வேண்டும். 1989இல் நானே போம் செய்தேன். கிழங்கைத் துருவி, கோழிக்கறியை நடுவே வைத்து, ஆரஞ்சுச் சாறு ஊற்றி, எல்லாம் முறைப்படிதான். நடுப்பகுதி வேகவில்லை. வேகாத அந்தக் கிழங்கு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். பதினெட்டுப் பேர் மூன்று நாள் தொண்டையைச் சொறிய வழியில்லாமல் தவித்தார்கள். அடுத்த விசேஷத்துக்கு வொன்னியிடம் வாங்கினேன். என் பாத்திரத்துக்கு மாற்றினேன். மேல்புறத்தை அடுப்பில் லேசாகக் கருக்கினேன், வீட்டில் செய்ததுபோல் தெரிய. எல்லாரும் பாராட்டினார்கள். அதன் பிறகு உண்மையைச் சொல்வது அவர்களை அவமதிப்பதாகிவிடும் அல்லவா?

அந்த நான்கு விநாடியை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் அவன் அந்த நான்கு விநாடியை உற்றுப் பார்ப்பான். ஆகவே பெரிய துணியாகக் கிழித்தால் சிறிய கறையும் சேர்ந்து போகும் என்று கணக்குப் போட்டேன். "படம் நீளம். விருந்தினர் வருகை அலுப்பூட்டுகிறது. முப்பதாம் நிமிடத்திலிருந்து நாற்பத்தைந்து வரை தொய்வு. தாயின் உரையும் தேவைக்கு மேல் நீள்கிறது" என்று எழுதினேன். அந்த உரையை நான் கேட்டிருக்கவில்லை. முப்பத்தேழாவது நிமிடத்தைத் தாண்டி நான் போகவே இல்லை.

இன்னொரு தேர்வாளர் டெலானோ. அவன் தொலைபேசியில் கேட்டான். "அக்கா, நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு சொல்லுங்க. நான் அதையே கொஞ்சம் பொரட்டிப் போட்டுடுறேன்."

"நீ படம் பாக்கலையா?"

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானே."

பெரியவர்கள் மேல் அவன் வைத்த நம்பிக்கையை நான் குலைக்க விரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து ஹெஸ்டி என் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான். என் சோபாவில் உட்கார்ந்து எனக்கே வாசித்துக் காட்டினான்.

"யாருக்கா இந்தாளு? உனக்கு அங்க எல்லாரையும் தெரியுமே."

"தெரியாதுப்பா. ரகசியமா வச்சிருப்பாங்க."

"அம்மா பேச்சையே வெட்டச் சொல்றான். கல்நெஞ்சுக்காரன். ஆனா நல்லா எழுதுறான்கா, அதைச் சொல்லணும்."

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல?" என்றேன். பாராட்டு எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அவன் விருந்தினர் வருகையை வெட்டினான். அடுத்த ஆண்டு எழுபத்தெட்டு நிமிடமாக அனுப்பினான். சமையலறை அப்படியே இருந்தது, இருபத்தொன்பதாவது நிமிடத்தில். நான் மேளக்காரர்களைக் குறை சொன்னேன். மேளக்காரர்கள் போனார்கள். சமையலறை இருபதுக்கு வந்தது. நடனத்தைக் குறை சொன்னேன். எமெலின் அத்தை முப்பது ஆண்டுக்குப் பிறகு தன் தங்கையோடு சமாதானமான காட்சியை "நாடகத்தனம்" என்றேன். அதுவும் போயிற்று. நான் வெட்ட வெட்ட அந்த நான்கு விநாடி, நிறுத்தத்தில் நிற்கிற என்னை நோக்கி வருகிற பேருந்துபோல, ஒவ்வோர் ஆண்டும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதையும் அம்மாவின் உரையையும் மட்டும் அவன் தொடவே இல்லை. பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் உண்டு.

வேறு எங்காவது காட்டியிருக்கலாம் என்பாய். அவன் மாட்டேன் என்றான். அம்மாவால் தொலைவு போக முடியாது. நம் அரங்கு அவர் வீட்டிலிருந்து முந்நூறு அடி. மடிக்கணினியில் காட்டுகிறேன் என்று அவன் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். பெரிய திரையில், முன்வரிசையில், பிறந்தநாளுக்கு வந்த அதே சனத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்று ஒரு தலைத்துணியை மடித்து வைத்திருந்தார். எங்கள் தலைத்துணி மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு சேதி சொல்லும். அவர் தேர்ந்தெடுத்தது "பேசுறவங்க பேசட்டும்" என்ற மடிப்பு. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதற்குப் புதிதாகக் கஞ்சி போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"லுட்வினா, இந்த வருஷமாவது தம்பி படத்தப் போடுறாங்களா?"

"இல்லம்மா. அடுத்த வருஷம் போடுவாங்க."

"நீ அங்கதானே இருக்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அது தப்பும்மா. சொந்தக்காரங்களுக்குச் சிபாரிசு பண்ணக் கூடாது."

"அதுவும் சரிதான். நீ நேர்மையான புள்ள."

இந்த உரையாடல் ஆறு முறை நடந்தது. ஆறாவது முறைக்கு அடுத்த மார்ச் மாதம் அம்மா இறந்துபோனார். எண்பத்தொரு வயது. அந்த வயதில் நம் அரங்கின் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முதுகு ஒத்துழைத்திருக்காது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலிகளை மாற்ற வேண்டும் என்று குழுவில் நான் பேசியதும் அந்த ஆண்டுதான். குறிப்பேட்டில் இருக்கும்.

அம்மா போன பிறகாவது அவன் விட்டுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். ஏழாவது முறை அனுப்பினான். இருபத்திரண்டு நிமிடம். இந்த முறை சமையலறைதான் தொடக்கக் காட்சி. நான் ஐம்பது விநாடி பார்த்தேன். படத்தின் ஒட்டுமொத்த அமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். எட்டாவது முறை அந்தக் காட்சியை ஆறாவது நிமிடத்தில் வைத்திருந்தான். ஆறு நிமிடம் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்.

ஒன்பதாவது முறை அவன் படம் தேர்வுக்கு வரவில்லை. அவன் நேராக உன்னிடம் கொண்டு வந்ததும், நீ அதை நிறைவுப் படமாக வைத்ததும், அச்சான நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. "நான்கு விநாடி. பதினோரு நிமிடம்." தலைப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். காலத்தைப் பற்றிய தத்துவப் படம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. முன்வரிசையில் நடு நாற்காலியை ஹெஸ்டி காலியாக விடச் சொல்லியிருந்தான். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா மடித்து வைத்திருந்த அதே தலைத்துணியைக் கட்டியிருந்தேன், மரியாதைக்காக. விளக்கு அணைந்தது. திரையில் என் முதுகு.

நான்கு விநாடியில் நூறு சட்டகங்கள் உண்டு. அவன் ஒவ்வொன்றையும் ஆறரை விநாடிக்கு நிறுத்தியிருந்தான். என் கை தட்டின் ஓரத்துக்குப் போக ஒரு நிமிடம் ஆயிற்று. கிளியின் அலகு தெரிந்தது, பிறகு கண், பிறகு வால். அந்தக் காட்சியின் மேல் அம்மாவின் உரை ஒலித்தது, வெட்டாமல். முதல் முறையாகக் கேட்டேன். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். சூரிநாமின் பரமாரிபோவிலிருந்து வந்த கப்பலைப் பற்றிச் சொன்னார். எட்டாவது நிமிடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"லுட்வினா வெளிய போயிட்டாளா? சரி, கேளுங்க. சாப்பிடப் போற போம் இருக்கே, அது அவ செஞ்சதில்ல. வொன்னி கடைது. இருபத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். ஏ வொன்னி, சிரிக்காத, நீதானே சொன்ன. மொத தடவ அவளே செஞ்சு எங்க தொண்டையெல்லாம் அரிச்சுதே, அதுக்கு இது எவ்வளவோ மேலு. ஆனா ஒருத்தரும் அவகிட்ட சொல்லிடக் கூடாது. நம்மளச் சந்தோஷப்படுத்தத்தான் அந்தப் புள்ள இம்புட்டுப் பாடுபட்டுப் பொய் சொல்லுது. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிடுங்க."

திரையில் சிரிப்பு எழுந்தது. அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதுகுப்பக்கம் நூறு பேர் என் தலைத்துணியைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மடிப்பின் சேதி அவர்கள் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும். லிஸ்பனிலிருந்து வந்த நடுவர் அம்மாள் மட்டும் எழுந்து, புலம்பெயர்ந்த பெண்ணின் உழைப்புக்கு இவ்வளவு பெரிய காணிக்கையைத் தான் பார்த்ததில்லை என்று கண்கலங்கினார்.

பிறகு முன்கூடத்தில் ஹெஸ்டி ஒரு தட்டோடு என்னிடம் வந்தான். என் போம்தான்.

"அக்கா, சாப்டியா?"

"எப்பத் தெரியும்?"

"படத்த லிங்க்ல அனுப்புனா, எந்த ஊர்லேர்ந்து பாத்தாங்க, எந்த இடத்துல நிறுத்துனாங்கன்னு அனுப்புனவனுக்குக் காட்டும்கா. டீமென்னு காட்டுச்சு. அதுக்காக நீதான்னு நெனைக்கல. டீமென்ல எத்தன பேர் இருக்காங்க. ஏழாவது வருஷம் அந்தக் காட்சிய முன்னாடி தூக்கி வச்சுப் பாத்தேன். ஐம்பதாவது விநாடில நின்னுச்சு. அடுத்த வருஷம் மாத்தி வச்சேன், அங்கயும் நின்னுச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்களே."

தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. காலி நாற்காலியை அவனே மடித்து உள்ளே கொண்டு போனான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். என் தம்பியின் படத்தை எட்டு முறை நான்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு முறைகூட முழுதாகப் பார்க்கவில்லை. என் தாய் ஆறு ஆண்டு கஞ்சி போட்டுக் காத்திருந்த அந்த ஒரு மாலையை அவருக்குக் கிடைக்காமல் செய்தது நான். அதுவும், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அவரிடமிருந்து மறைப்பதற்காக. தேர்வாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கினால் ஏற்றுக்கொள்கிறேன். மேல்புறக் கருகல் மட்டும் என் கைவேலை என்பதைக் குழு பதிவு செய்ய வேண்டும்.

படம் அடுத்து பிரிஸ்டலுக்கும் மார்சேக்கும் போகிறது என்று கேள்விப்பட்டேன். தம்பிக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை. அந்த அக்கறையில் சொல்கிறேன்: பதினோரு நிமிடம் சற்று நீளம். எங்கே குறைக்கலாம் என்று தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.