'நான் இல்லை' என்று சொல்லாமல் போனவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஞானபூரணம் டீச்சர் அவர்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகச் சொந்தங்களே, கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் தோழர்களே, எல்லாருக்கும் மேலாக, மனைவியை இழந்து என் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மைதீன் பாட்சா பாய் அவர்களே!

வணக்கம் சொல்லிவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆறுமுகச்சாமி. ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வணிகர் நலச் சங்கத்தின் தலைவர். இந்த மாடி எங்கள் சங்கத்து மாடி. எத்தனையோ இரங்கல் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். வயதானவர்கள், நோயில் கிடந்தவர்கள், இன்றோ நாளையோ என்று ஊரே எதிர்பார்த்தவர்கள். அப்போதெல்லாம் என் வாய் ஓயாது. இன்றைக்குப் பேராசிரியை பாஜிலா பேகம் அவர்களுக்கு இரங்கல் என்கிறீர்கள். யாருக்கு? பாஜிலா மேடத்துக்கா? போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, மாடி சாவி" என்று கை நீட்டினாரே, அவருக்கா?

அன்று நான் திருவேங்கடத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக்கடை ஆஷிக் அலி போன் செய்தார். "மேடம் போயிட்டாங்க அண்ணாச்சி" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எந்த ஊருக்கு? வகுப்பு முடிஞ்சிட்டா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகும் எனக்குப் புரியவில்லை. நாற்பத்தாறு வயது, ஐயா! நாற்பத்தாறு ஒரு வயதா? எனக்கு இன்னும் புரியவில்லை. புரியாமல்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

மேடையில் படம் இல்லையே என்று வரும்போதே சிலர் கேட்டீர்கள். படத்துக்கு மாலை போடும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அதனால் அவர் உட்காரும் நாற்காலியை வைத்திருக்கிறோம். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான். இந்த நாற்காலியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். ஏனென்றால் இதைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு நடக்கிறது.

அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்ல வேண்டாமா?

கல்லூரியில் அவர் மேலாண்மைப் பேராசிரியை. ஒரு நாள் கடைக்கு வந்து, கடைக்காரர்களுக்கும் மகளிர் குழுத் தலைவிகளுக்கும் தறிக்காரர்களுக்கும் தலைமை பற்றி வகுப்பு நடத்த வேண்டும், மாடியைத் தர முடியுமா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "மேடம், எங்க ஆளுகளுக்கு தியரியெல்லாம் மண்டையில ஏறாது" என்றேன்.

"நேத்து சீரியல் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"வீட்ல ஓடுச்சு. நான் சும்மா அந்தப் பக்கம் போகும்போது பாத்தேன்."

"அந்த மாமியார் வீட்டை எப்படி நடத்துதா?"

"எங்க நடத்துதா? ஒருத்தரைப் பேச விடமாட்டேங்காளே! மருமக உப்பு போடணும்னாக்கூட அவகிட்ட கேக்கணும். அவ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு வீட்ல அடுப்பே எரியலை."

"இதுக்குப் பேருதான் சர்வாதிகாரத் தலைமை. அவ இல்லாட்டி வீடு நிக்காது. தியரி ஏறிட்டுல்லா? சாவியத் தாங்க."

அந்தப் பக்கம் போகும்போது பார்த்தவன் உப்பு வரைக்கும் சொல்லிவிட்டேன் என்பதையும் அவர் கவனித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாமியார் எப்படி இருக்கா?" என்று கேட்பார். என் வீட்டுக்காரியின் அம்மாவைக் கேட்கிறார் என்று கடைப் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். பிரியாணி மாஸ்டரைக் காட்டுவார். புதிதாக வந்தவன் வெங்காயம் வெட்டும்போது பக்கத்திலேயே நிற்கிறார்; பழைய ஆள் அரிசி போடும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆளுக்குத் தகுந்த மாதிரி, நேரத்துக்குத் தகுந்த மாதிரி நடத்துவதும் ஒரு தியரிதான் என்பார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைச் சொல்வார். எல்லா இலைக்கும் சாம்பார் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருகிறாரே, பணிவிடை செய்யும் தலைமைக்கு அவரை விட்டால் வேறு ஆள் உண்டா என்பார். ஒரு வீட்டுக்குள் ஆட்களைப் பூட்டிவைத்து டி.வி.யில் போட்டி நடத்துகிறார்களே, அதில் வாரா வாரம் ஒருவரைத் தலைவர் ஆக்குவார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மாடியில் அதைப் பற்றி நடக்கும் சண்டை கீழே பூக்கடை வரைக்கும் கேட்கும்!

சினிமாவையும் விடமாட்டார். ஊரை ரவுடி மிரட்டுகிறான். கடையை உடைக்கிறான். ஹீரோ மெதுவாக நடந்து வருகிறார், காற்று அடிக்கிறது, இசை கேட்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்பார். "ஹீரோ அடிப்பாரு. அது எல்லாருக்கும் தெரியும். அவரு வார வரைக்கும் இந்த ஊரு ஏன் சும்மா இருந்துச்சு?"

விசைத்தறி லிங்கேஷ், "பயந்தான் மேடம்" என்றார். வேறு ஒருவர், "கதை அப்படி" என்றார். பனவடலிசத்திரத்திலிருந்து வந்து இங்கே பூ வியாபாரம் செய்யும் வள்ளித்தாய் மட்டும் எழுந்து சொன்னார்: "ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்திருப்பாக மேடம். வேற யாராவது மொதல்ல எந்திரிப்பாகன்னு."

பாஜிலா மேடம் கை தட்டினார். "இதான்! மொதல்ல எந்திரிக்கவரு யாரோ, அவருதான் தலைவரு. அடிக்கணும்னு அவசியமே இல்ல."

நண்பர்களே, இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "நான் இல்ல. இனி உங்க பாடு" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேடம் இல்லை! அவரைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, சந்தேகம் கேட்கக் கூடாது. கேட்டவருக்கு அன்றைய சமோசா கிடையாது. தலைவர் இல்லாமல் வேலை நடக்கிறதா என்று பார்ப்பார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "சரி, வந்துட்டேன். யாரு தலைவரு?" என்று கேட்பார். நானும் அந்த விளையாட்டில் இரண்டு முறை சமோசாவை இழந்தவன். அவர் மூக்கருகே ஈ பறந்தாலும் அசையமாட்டார். அப்படி ஒரு பிடிவாதம்!

போன ஞாயிற்றுக்கிழமை கொடுத்த வேலை, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் எங்கே சேர்ப்பது, யார் தேடுவது என்று ஏற்பாடு செய்வது. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலை சுவரில் சாய்ந்தது.

வகுப்பு என்ன நினைக்கும்? நீங்களே சொல்லுங்கள், என்ன நினைக்கும்?

விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார்கள். லிங்கேஷ் போலீஸ் பூத்துக்கு ஆள் போட்டார். ஆஷிக் அலி மைக் அறிவிப்புக்கு ஏற்பாடு சொன்னார். யாரோ ஒருவர், "மேடத்துக்கு வேர்க்குது, ஃபேன இந்தப் பக்கம் திருப்புவமா?" என்று எழுந்திருக்கிறார். வள்ளித்தாய் கையை நீட்டித் தடுத்தார். "ஏட்டி, உக்காரு. மேடம் சோதிக்காவ. சமோசா போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தபோது பாஜிலா மேடம் போய்க்கொண்டிருந்தார். இந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊருக்குள் நடக்கும் பேச்சு இதுதான். டீக்கடையில் என் காதுபடச் சொன்னார்கள். "ஒரு பொம்பள உசுருக்குப் போராடுதா, சுத்தி இருந்து வேடிக்கை பாத்திருக்கானுவ. இதுதான் அவ படிச்சுக் கொடுத்த தலைமையா?" அதோடு விடவில்லை. "அந்தப் பூக்காரி தொடவிடலையாம்லா" என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து வள்ளித்தாய் கடை திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "அந்த மாடிப்படி இனி ஏறமாட்டேன் அண்ணாச்சி. என் கையாலதான் மேடம் போனாவ" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

டீக்கடை நியாயஸ்தர்களே! உங்களை நான் கேட்கிறேன். பாதிக் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தால் எப்படி? மிச்சத்தை யார் கேட்பது?

மிச்சம் இதுதான். அந்தச் சிரிப்பு அடங்கியதும் சட்டென்று எழுந்தவர் யார்? அதே வள்ளித்தாய்! முகம் மாறி, "ஏலே, நிறுத்துங்க. மேடம் 'நான் இல்ல'ன்னு சொல்லலையே!" என்று கத்தினார்.

வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. நான் அங்கே இருந்திருந்தால், "உக்காருங்கம்மா, சமோசா ஆறுது" என்றுதான் சொல்லியிருப்பேன். ஓடிப்போய்த் தோளைத் தொட்டவர் அவர். முதலில் எழுந்தவர் அவர். தொட்ட பிறகு நடந்ததைக் கேளுங்கள். லிங்கேஷ் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். ஆஷிக் அலி ஒரே ஓட்டமாக இறங்கிப்போய்க் காரைப் படிக்கட்டுக்கு நேரே கொண்டுவந்தார். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், இதோ இந்த நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினார்கள். ஒரு பெண் முன்னால் ஓடி, கீழே வண்டிகளை ஒதுக்கினார். நீ பெரியவன் நான் பெரியவன் என்று ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்கள். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பாஜிலா மேடம் கண்ணை மூடிக்கொண்டு எதற்காகக் காத்திருந்தாரோ, அது அன்றைக்கு நடந்தது. பார்க்க அவர் இல்லை.

மருத்துவர் என்னிடமும், போனில் பாட்சா பாயிடமும் சொன்னார். இதயம் ஒரேயடியாக நின்றுவிட்டது. நாற்காலியில் உட்காரும்போதே காலம் கடந்துவிட்டது. முன்னாலேயே தொட்டிருந்தாலும் எழுந்திருக்கமாட்டார் என்றார். கேட்டால் மனம் ஆறுகிறதா? ஆறவில்லை. எனக்கே ஆறவில்லை என்றால் வள்ளித்தாய்க்கு எப்படி ஆறும்?

ஆனால் ஷார்ஜாவிலிருந்து விமானம் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, மனைவியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்து அடக்கம் செய்துவிட்டு வந்த இந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அண்ணாச்சி, அந்தப் பூக்கடை அக்காவ எங்க காணோம்? பாஜிலா போன்ல பேசினா அவங்கள பத்தித்தான் பேசுவா." மேடத்தின் தாயார் மகபூப் பீவி அம்மா இன்று வர முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: "அந்தப் பிள்ளைய யாரும் ஏசப்படாது. எம் மவள கடைசியில தாங்குன கை அது."

கேட்டீர்களா? பெற்றவள் சொல்கிறாள். கட்டியவர் சொல்கிறார். டீக்கடைக்கு இனி என்ன பேச்சு?

வகுப்பை இதோடு நிறுத்திவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். ராசி இல்லாத மாடி என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இங்கே சொன்னால் ஞானபூரணம் டீச்சர் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அடுப்பு எரியாத வீடாக நம்மை ஆக்கிவிட்டா அவர் போயிருக்கிறார்? இந்த மாடியின் சாவியை என்னிடமிருந்து வாங்கியவர் அவர். அந்தச் சாவி இனி என் கடைக்குத் திரும்பாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வகுப்பு நடக்கும். கல்லூரிப் பேராசிரியர்கள் முறைவைத்து வந்து பாடம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆடித்தபசில் தொலைந்துபோகும் ஒவ்வொரு பிள்ளையையும் தாயிடம் சேர்க்கும் வேலையை, பாதியில் நின்ற அந்த வேலையை, இந்த வகுப்பு முடித்துக் காட்டும். பாஜிலா மேடத்தின் பெயரால் சங்கம் இந்த உறுதியைச் சொல்கிறது.

ஒரே ஒரு குறை. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைக் கீழே பூக்கடைப் பக்கம் கட்டச் சொன்னேன். ஏன் என்று பந்தல்காரர் கேட்டார். காரணம் இருக்கிறது. நான் வரும்போது படிக்கட்டின் கீழே, சுவரோரம் ஒருவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கூப்பிட்டால் போய்விடுவார் என்று கூப்பிடாமல் ஏறி வந்தேன்.

வள்ளித்தாய் அம்மா, கேக்குதா? ஆறுமுகச்சாமி பேசுதேன். உங்க கையால மேடம் போகல. உங்க கைதான் மேடத்தத் தேடிப் போச்சு. "யாரு தலைவரு"ன்னு மேடம் கேப்பாவல்லா, அன்னிக்குக் கேக்காமலே போயிட்டாவ. அந்தக் கேள்விக்கு இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் பதில் தெரியும். நீங்க மட்டும் கீழ நிக்கீங்க. "வந்துட்டேன்"னு சொல்ல இனி மேடம் இல்ல தாயி. நீங்க வந்து சொல்லுங்க.

சபையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாட்சா பாய் எழுந்து போகிறார்... யாரும் தடுக்காதீர்கள், வழி விடுங்கள். கீழே இறங்குகிறார்.

நான் இரங்கல் உரையை எப்படி முடிப்பது என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் அமையவில்லை. இந்த ஒரு வாரமாக நான் எதையும் நம்பவில்லை. போனில் வந்த செய்தியை நம்பவில்லை, மருத்துவரை நம்பவில்லை, கபர் மேல் கிடந்த ஈர மண்ணை நம்பவில்லை. காலையில் கடை திறக்கும்போது ஒரு கை சாவிக்கு நீளும் என்று இன்றும் பார்த்தேன்.

அமைதி. கொஞ்சம் அமைதியாக இருங்கள். படியில் சத்தம் கேட்கிறது. இரண்டு பேர் ஏறும் சத்தம்.

வழியை விடுங்கள். என் பேச்சு முடிந்தது. அடுத்துப் பேச வேண்டியவர் வந்துவிட்டார்.